ஆடியில் பிரித்த ஜோடியும் வானத்து நெசவுக்காரியும்

ஆடி பிறக்கப் போகிறது என்றாலே தருமபுரிப் பக்கத்துப் புதுமாப்பிள்ளைகளின் முகம் வாடிவிடும். பெண் வீட்டார் சீர்த் தட்டோடு வந்து மகளை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாதம் முழுக்கத் தாய் வீடு. ஆடியில் கூடினால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், அது தாய்க்கும் ஆகாது சேய்க்கும் ஆகாது என்பது பெரியவர்கள் சொல்லும் காரணம். ஊரில் கிண்டலாகச் சொல்லப்படும் இன்னொரு காரணமும் உண்டு. ஆடிப் பட்டம் தேடி விதைக்க வேண்டிய மாதம் இது. புதுப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் எங்கே ஏர் பிடிக்கப் போகிறான்?

நடுவில் ஒரே ஒரு சலுகை, பதினெட்டாம் பெருக்கு. மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் விருந்து. பிறகு ஜோடியாக ஒகேனக்கல். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் தண்ணீர் வரத்து கூடிவிட்டால் பரிசலுக்கும் தடை, குளிக்கவும் தடை. ஆனாலும் கூட்டம் குறையாது. காவிரிக் கரையில் மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டு, பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். கல்யாணமாகாத பெண்களுக்கும் மஞ்சள் நூல் உண்டு.

இதே பருவத்தில், சில வாரம் முன்னே பின்னே, சீனத்திலும் ஒரு ஜோடி சந்திக்கிறது. அவர்களுக்கு மாமனார் விருந்து கிடையாது. ஆண்டுக்கு ஒரே ஓர் இரவுதான். சீனச் சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதம் ஏழாம் நாள் வரும் அந்தப் பண்டிகைக்கு ச்சிஷி என்று பெயர். செய்தித்தாள்கள் அதைச் 'சீனக் காதலர் தினம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த ஒரு வரி எவ்வளவு விஷயத்தை மறைத்துவிடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கதை. வானுலக அரசனின் வீட்டுப் பெண் ஜிநியூ, நெசவுக்காரி. மேகங்களைப் பட்டாக நெய்வது அவள் வேலை. கீழே பூமியில் நியூலாங், மாடு மேய்க்கிறவன். அப்பா அம்மா இல்லை. அண்ணன் வீட்டார் விரட்டிவிட்டார்கள். மிச்சம் ஒரு கிழட்டு மாடு மட்டும். அந்த மாடு பேசும். வானத்துப் பெண்கள் குளிக்க வரும் இடத்தை அதுதான் காட்டிக் கொடுக்கிறது. அவன் ஒருத்தியின் ஆடையை எடுத்து ஒளித்து வைக்கிறான். நம் கண்ணன் கதை நினைவுக்கு வருகிறதா? ஆனால் இங்கே அது விளையாட்டாக முடியவில்லை. கல்யாணம் ஆகிறது, இரண்டு குழந்தைகள் பிறக்கின்றன. சங்கதி மேலே தெரிந்ததும் அவளை இழுத்துப் போகிறார்கள். மாடு சாகும்போது தன் தோலைப் போர்த்திக்கொண்டு பறக்கச் சொல்கிறது. குழந்தைகளைக் காவடிக் கூடைகளில் வைத்துத் தோளில் சுமந்துகொண்டு அவன் துரத்துகிறான். எட்டிப் பிடிக்கப் போகிற நேரத்தில் வானத்து ராஜமாதா தன் கொண்டை ஊசியை உருவி நடுவில் ஒரு கோடு கிழிக்கிறாள். கோடு ஆறாகப் பெருகுகிறது. நாம் பால்வெளி என்று சொல்வதை அவர்கள் வெள்ளி ஆறு என்கிறார்கள். இந்தக் கரையில் அவன், அந்தக் கரையில் அவள். இருவரும் அழுகிற அழுகையில் மனமிரங்கி, ஆண்டுக்கு ஒரு முறை மேக்பை பறவைகள் கூட்டமாகப் பறந்துவந்து சிறகால் பாலம் போடுகின்றன. காக்கைக் குடும்பத்துப் பறவை அது, நம் வால்காக்கைக்குச் சொந்தம்.

இந்தக் கதைக்கு இன்னொரு வடிவம் உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும். அதில் வானத்து அரசனே பெண்ணுக்கு இரக்கப்பட்டு மாட்டுக்காரனுக்குக் கட்டி வைக்கிறான். கல்யாணமான பிறகு அவள் தறிப் பக்கமே போகவில்லை, துணி நின்றுபோயிற்று. கோபம் வந்து அரசன் இருவரையும் ஆற்றின் இரு கரைகளில் பிரித்து வைக்கிறான். விதைப்புக் காலத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு போகிற நம்மூர் மாமனாருக்கும் இந்த வானத்து மாமனாருக்கும் புத்தி ஒரே மாதிரி வேலை செய்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு சீனர்கள் ஆடி மாதத்தை நம்மிடமிருந்து திருடிவிட்டார்கள் என்று யாரும் வாட்ஸ்அப்பில் ஓட்ட வேண்டாம். உழைப்பை நம்பி வாழ்ந்த இரண்டு சமூகங்கள் புதுக் காதலைப் பார்த்து ஒரே விதமாகப் பயந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு முதல் கதையை வெறும் அம்புலிமாமாக் கதையாகப் படித்துவிட முடியவில்லை. உயர்ந்த இடத்துப் பெண், மாடு மேய்க்கிறவன், குறுக்கே கோடு கிழிக்கும் பெரியவர்கள். 2012 நவம்பர் 7 அன்று, சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட ஒரு ஜோடியைக் காரணம் காட்டி, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. மறு ஆண்டு ஜூலையில் அந்த இளைஞர் தருமபுரியில் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார். சீனத்து ராஜமாதா ஆற்றோடு நிறுத்திக்கொண்டாள்.

சரி, காதல் இந்தப் பண்டிகைக்குள் எப்போது வந்தது? நாம் நினைப்பதை விடத் தாமதமாகத்தான். சீனத்தின் மிகப் பழைய கவிதைத் தொகையான ஷி ஜிங்கில் நெசவுக்காரியும் மாடும் நட்சத்திரங்களாக வருகிறார்கள். காதலர்களாக அல்ல. வரிச்சுமையால் நொந்த கிழக்குப் பகுதி மக்களின் பாட்டு அது. மேலே ஒரு நெசவுக்காரி இருக்கிறாள், ஒரு முழம் துணி தருவதில்லை. மாடு இருக்கிறது, வண்டி இழுப்பதில்லை என்று அரசாங்கத்தை மறைமுகமாகத் திட்டுகிறார்கள். ஹான் வம்சக் காலத்துப் பழம்பாடல்களில்தான் இருவருக்கும் நடுவே ஆறும் ஏக்கமும் வந்து சேர்கின்றன.

பண்டிகையாக அது வளர்ந்தது பெண்களின் கையில். ஆறாம் நூற்றாண்டில் சுங் லின் என்பவர் யாங்சி நதிப் பகுதியின் சடங்குகளைத் தொகுத்து எழுதிய நூலில் அந்த இரவைப் பார்க்கலாம். பெண்கள் முற்றத்தில் பழங்களைப் பரப்பி வைத்துவிட்டு, ஏழு காதுள்ள ஊசியில் வண்ண நூல் கோக்கிறார்கள். பழத்தின் மேல் சிலந்தி வலை பின்னியிருந்தால் வேண்டுதல் பலித்தது என்று அர்த்தம். வேண்டுதல் என்ன? நல்ல கணவன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கைத்திறன்! நூலும் ஊசியும் தன் விரலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நெசவுக்காரியிடம் கேட்டார்கள். தாங் வம்சத்து அரண்மனையில் பெண்கள் சிலந்தியைச் சின்னப் பெட்டியில் அடைத்து வைத்து, விடிந்ததும் திறந்து வலை எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று பார்ப்பார்களாம். தாங் பேரரசர் ஷுவான்சொங்கும் அவருடைய காதலி யாங் குயிஃபெயும் ஏழாம் மாதம் ஏழாம் நாள் இரவில் சேர்ந்தே இருப்போம் என்று சபதம் செய்ததாகக் கவிஞர் பை ஜூயி 806-இல் எழுதிய நெடும்பாட்டு பரவிய பிறகு காதல் வாசனை கூடியது. அப்போதும் வீடுகளில் நடந்தது ஊசியும் நூலும்தான்.

ஏன் நெசவுக்காரி, ஏன் பட்டு என்பதைத் தருமபுரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நகரில் அரசு பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது. வெளி மாவட்டங்களிலிருந்தும் விவசாயிகள் கூட்டைக் கொண்டுவந்து கொட்ட, நூற்பாளர்கள் ஏலம் கேட்கிறார்கள். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் மல்பெரித் தோட்டத்தை ஒட்டிப் புழு மனை இல்லாத ஊர் குறைவு. 1792 வரை பாராமகால் எனப்பட்ட இந்த வட்டாரம் மைசூர் அரசின் கையில் இருந்தது. மைசூரில் பட்டு வளர்ப்பைத் தூக்கிவிட்டவர் திப்பு சுல்தான். இன்றைக்கும் நம் மாவட்டத்துக்கு அந்தத் திசையோடு பட்டு உறவு உண்டு. புழு வளர்த்தவர்களுக்குத் தெரியும், ஏறக்குறைய 25 நாள் அது தின்றுகொண்டே இருக்கும், தழை வெட்டிப் போட்டு மாளாது. சந்திரிகைத் தட்டில் ஏறிக் கூடு கட்டினால்தான் மூச்சு வரும். நல்ல வெண்கூடு ஒன்றில் ஒரு கிலோமீட்டர் நீள நூல் இருக்கும். இந்த வேலையின் பெரும்பகுதி எங்கும் பெண்களுடையது. கைத்திறனுக்கு ஒரு தெய்வம் வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

அந்தப் பட்டு சில பெண்களுக்கு வேறொன்றையும் கொடுத்தது. இந்தக் கதையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த பகுதி இதுதான். தென்சீனத்துக் குவாங்டோங்கில் முத்தாற்றுக் கழிமுகம், அங்கே ஷுண்டே என்ற பட்டு வட்டாரம். 1870களிலிருந்து நீராவியில் இயங்கும் நூற்பாலைகள் அந்தப் பக்கத்தில் வந்தன. நூல் எடுக்க இளம்பெண்கள் போனார்கள், கையில் சொந்தக் கூலி புழங்கியது. கல்யாணம் என்றால் அந்தக் கூலி மாமியார் வீட்டுக்கு. அப்படியானால் எதற்குக் கல்யாணம் என்று கேட்ட பெண்கள் கூடினார்கள். தெய்வத்தின் முன் தாமே தலைவாரிக் கொண்டை போட்டு, ஆயுளுக்கும் கல்யாணம் வேண்டாம் என்று சபதம் செய்துகொண்டார்கள். தலைவாரிக் கொண்டை போடுவது அங்கே மணப்பெண்ணுக்கு நடக்கும் சடங்கு. அதைத் தங்களுக்குத் தாங்களே செய்துகொண்டதுதான் அவர்களுடைய அறிவிப்பு. சேர்ந்து குடியிருந்தார்கள், முதுமைக்கும் சாவுச் செலவுக்கும் சேர்ந்து சேமித்தார்கள்.

இந்தப் பெண்கள் ஆசை ஆசையாகக் கொண்டாடிய பண்டிகை எது தெரியுமா? ஏழாம் மாதம் ஏழாம் நாள்தான். அங்கே அதன் பெயர் ஏழு சகோதரிகள் விழா. நெசவுக்காரியும் அவளுடைய ஆறு அக்காள்களும். மாதக்கணக்கில் உட்கார்ந்து சின்னச் சின்னச் செருப்பு, பூ, பொம்மை என்று தைத்து மேசை நிறைய அடுக்கி வைப்பார்கள். மாட்டுக்காரனைப் பற்றி அந்த மேசை அவ்வளவாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இன்றைக்குக் காதலர் தினம் என்று விற்கப்படும் பண்டிகையைக் கல்யாணமே வேண்டாம் என்றவர்கள் கட்டிக் காத்திருக்கிறார்கள்!

1930களில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது பட்டு விலையும் விழுந்தது, ஆலைகள் மூடின. ஷுண்டே பெண்கள் கப்பலேறி ஹாங்காங், சிங்கப்பூர், மலாயா என்று போய் வீட்டுவேலையில் சேர்ந்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இறுக்கிப் போட்ட கொண்டை. 'அமா' என்ற அந்தப் பெண்களைச் சிங்கப்பூர், பினாங்குத் தமிழர்களில் முந்தைய தலைமுறைக்குத் தெரிந்திருக்கும். போன இடத்திலும் ஏழு சகோதரிகள் சங்கம் வைத்துச் சந்தா கட்டி விழா எடுத்தார்கள். அவர்களுக்குப் பிறகு தொடர ஆளில்லை. பிள்ளை குட்டி இல்லாதவர்களின் பண்டிகை வேறு எப்படி முடியும்?

சீன அரசு 2006-இல் ச்சிஷியைத் தேசியப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ரோஜாவும் சாக்லேட்டும் நகைக்கடைத் தள்ளுபடியும் கூடவே வந்தன. அட்சய திருதியையைப் பார்த்த நமக்கு இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பானில் இதே கதை தனபதா என்ற பெயரில், மூங்கில் கிளையில் வேண்டுதல் சீட்டு கட்டும் விழாவாக இருக்கிறது. கொரியாவிலும் உண்டு.

அந்த ஜோடியைப் பார்க்க டிக்கெட் வேண்டாம். நெசவுக்காரி என்பது வேகா நட்சத்திரம். மாட்டுக்காரன் அல்டேர். இரண்டுக்கும் நம்மிடம் வேறு பெயர்கள் உண்டு. அல்டேரும் அதன் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் மங்கலான இரண்டு நட்சத்திரங்களும் சேர்ந்தது நம் திருவோணம். சீனர்களுக்கு அந்த இரண்டும் காவடிக் கூடையில் இருக்கும் குழந்தைகள். வேகாதான் அபிஜித், இன்று 27-இல் சேராத இருபத்தெட்டாவது நட்சத்திரம். அக்காள் ரோகிணி மேல் பொறாமைப்பட்டு அபிஜித் தவம் செய்யக் காட்டுக்குப் போய்விட்டாள் என்கிறது மகாபாரத வனபர்வம். பாவம், இரண்டு நாட்டுக் கதையிலும் அவளுக்கு வீடு தங்கவில்லை.

2026-இல் ச்சிஷி ஆகஸ்ட் 19 அன்று வருகிறது. இரவு பத்து மணிக்குத் தருமபுரியில் திருவோணம் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். சற்று வடமேற்காகத் தலையைத் திருப்பினால் அதைவிடப் பளிச்சென்று அபிஜித். நடுவே ஏறக்குறைய பதினைந்து ஒளியாண்டு தூரம். வளர்பிறை ஏழாம் நாள் நிலா நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும். வெள்ளி ஆற்றையும் பார்க்க வேண்டுமென்றால் நகர வெளிச்சத்தை விட்டுப் பென்னாகரம் தாண்டிப் போய் அதுவரை காத்திருக்க வேண்டும். மேகம் கவிந்து மழை பெய்துவிட்டால் சீனத்தில் அது அந்த இரண்டு பேரின் கண்ணீர். ஆடிப் பட்டத்தில் நிலக்கடலை போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மானாவாரிக்காரர் அன்றைக்கு அவர்கள் நன்றாக அழட்டும் என்றுதான் சொல்வார்.