வானத்தில் அசையாத புள்ளி

1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மேல் வானம் தெளிவாக இருந்தது. முற்பகல் 11.40 மணியளவில் டாரன்ஸ் என்ற சிறு விமான நிலையத்திலிருந்து, ஒற்றை எஞ்சின் கொண்ட பைப்பர் விமானம் ஒன்று மூவருடன் கிளம்பியது. அதை ஓட்டியவர் தொழில்முறை விமானி அல்லர். சொந்தப் பயணத்திற்காக ஓட்டும் உரிமம் பெற்றவர். அதே வேளையில் ஏரோமெக்சிகோ நிறுவனத்தின் டி.சி.-9 ஜெட் விமானம் 64 பேருடன் நகரில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. 11.52 மணிக்கு, செரிட்டோஸ் என்ற ஊருக்கு மேலே, ஏறத்தாழ 6,500 அடி உயரத்தில் இரண்டும் மோதின. விமானங்களில் இருந்த 67 பேரும் தரையில் 15 பேரும் மாண்டனர்.

பட்டப்பகலில் அத்தனை பெரிய விமானத்தைக் காணாமலிருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். அதற்கான காரணம் பள்ளியில் நீங்கள் படித்த வடிவியலிலேயே இருக்கிறது.

நகராததே ஆபத்து

இரண்டு நேரான சாலைகள் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஒன்றில் நீங்களும் மற்றொன்றில் உங்கள் நண்பரும் சீரான வேகத்தில் சைக்கிளில் வருகிறீர்கள். நண்பர் முந்துபவரானால் உங்கள் பார்வையில் முன்னோக்கி நகர்வார். பிந்துபவரானால் பின்னோக்கி நகர்வார். இருவரும் ஒரே கணத்தில் சந்திப்பை அடைவதாயிருந்தால்? நீங்கள், நண்பர், சந்திப்பு ஆகிய மூன்றும் அமைக்கும் முக்கோணம் சிறுத்துக்கொண்டே வரும். அதன் கோணங்கள் மாறா. ஆகவே நண்பர் கடைசி வரை ஒரே திசையில்தான் தெரிவார்.

வானிலும் இதே கதைதான். கண்ணாடியில் நகர்ந்து செல்லும் விமானம் விலகிப் போய்விடும். ஒரே இடத்தில் நின்று பெரிதாகும் புள்ளிதான் நம்மேல் மோத வருவது. நம் கண்ணோ அசைவதை உடனே பிடித்துக்கொள்ளும், அசையாததைத் தவறவிடும்.

அந்தப் புள்ளியின் அளவையும் கணக்கிடுவோம். இறக்கையகலம் 10 மீட்டர் உள்ள ஒரு சிறு விமானம் வினாடிக்கு 140 மீட்டர் வீதம் உங்களை நெருங்குகிறது. மோதலுக்கு 40 வினாடி இருக்கையில், கையை நீட்டிப் பிடித்த ஒரு கேழ்வரகு மணி அளவே அது தெரியும். 12.5 வினாடி இருக்கையில் ஒரு மிளகினும் சற்றுச் சிறியது. 2 வினாடி இருக்கையில் ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயம்! கண்டு, இன்னதென உணர்ந்து, முடிவெடுத்து, விமானத்தைத் திருப்பி முடிக்க 12.5 வினாடி வேண்டும் என்பது அமெரிக்க விமானத் துறையின் கணக்கு. கண்ணை மட்டும் நம்ப முடியாது என்பது இதிலிருந்து விளங்கும்.

கவிழ்ந்த கோபுரம்

எனவே பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வானம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அமெரிக்காவில் இன்று இதனை 'பி' வகுப்பு வான்வெளி என்பர். தலைகீழாக நிறுத்திய கோபுரம் போன்றது இது. நடுவில் தரையிலிருந்தே தொடங்கும். வெளியே செல்லச் செல்ல இதன் அடித்தளம் படிப்படியாக உயரும். காரணம் எளியது. ஜெட் விமானங்கள் ஏறத்தாழ 3 பாகைச் சரிவில் இறங்குகின்றன. அதாவது ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி. 20 கடல் மைல் தொலைவில் அவை 6,000 அடிக்கு மேல் இருக்கும்.

படிகளுக்குக் கீழே பறக்கும் சிறு விமானம் கோபுரத்திற்குள் நுழைய வேண்டுமானால், 'நுழைய அனுமதி' என்று கட்டுப்பாட்டாளர் கூறுவதை விமானி காதால் கேட்டாக வேண்டும். 'காத்திருங்கள்' என்ற பதில் அனுமதியாகாது. அன்றைய பைப்பர் இத்தகைய வெளிக்குள் அனுமதியின்றி நுழைந்திருந்தது.

உயரம் சொல்லும் கருவி

சாதாரண ராடார் திசையையும் தொலைவையும் காட்டும், உயரத்தைச் சொல்லாது. அதற்கு உதவுவது விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் மறுமொழிக் கருவி. தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி வருகிறது; கருவி 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்புகிறது. காற்றழுத்தத்திலிருந்து கணித்த உயரத்தையும் அப்பதிலோடு சேர்த்து அனுப்பலாம். பைப்பரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. உயரத்தைச் சேர்த்தனுப்பும் வசதி இல்லை. அத்தகைய விமானம் 2,000 அடியில் பறக்கிறதா, 6,500 அடியில் பறக்கிறதா என்பது ராடார்த் திரையிலிருந்து தெரியாது.

இவ்விபத்திற்குப் பின், பெரிய நிலையங்களிலிருந்து 30 கடல் மைலுக்குள் உயரம் அறிவிக்கும் கருவி அமெரிக்காவில் கட்டாயமாயிற்று. சில விதிவிலக்குகள் உண்டு. பயணிகள் விமானங்களில் மோதல் தடுப்புக் கருவியும் வந்தது. அது அருகிலுள்ள டிரான்ஸ்பாண்டர்களை நேரே வினவி, 'மேலே ஏறு', 'கீழே இறங்கு' என்று விமானிக்குச் சொல்லும். ஆனால் மற்ற விமானம் தன் உயரத்தைச் சொல்லாவிட்டால் அதனாலும் வழிகாட்ட இயலாது. 2020 ஜனவரி முதல், செயற்கைக்கோள் உதவியால் அறிந்த தன் இருப்பிடத்தை விமானமே ஒலிபரப்புவதும் இத்தகைய வெளிகளில் விதியாகியுள்ளது.

இதே லாஸ் ஏஞ்சல்ஸில், பெரிய விமான நிலையத்திற்கு நேர் மேலேயே சிறு விமானங்களுக்கென ஒரு தனி வழி உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? தென்கிழக்கே செல்வோர்க்கு 3,500 அடி. வடமேற்கே செல்வோர்க்கு 4,500 அடி. வேகம் 140 நாட்டுக்கு மேற்படக் கூடாது. விளக்குகள் எரிய வேண்டும். ஓடுபாதையருகே ஜெட் விமானங்கள் மிகத் தாழ்வாக இருப்பதால், அதற்கு நேர் மேலுள்ள வானம் காலியாக இருக்கிறது!

பறக்குமுன் வரைபடத்தில் படிகளை அறிந்துகொள்ளல், அனுமதியைக் காதால் கேட்டல், உயரத்தை ஓயாது அறிவித்தல் ஆகிய மூன்றும் தனி விமானியின் காப்புகள். பிறரைக் காண்பது பாதி. பிறர் தன்னைக் காணச் செய்வது மறுபாதி. அதன் பிறகும் கண்ணுக்கு ஓய்வில்லை. வானைப் பகுதி பகுதியாகத் துழாவ வேண்டும். எங்கேனும் ஒரு புள்ளி நகராமல் நின்றால், அது வளரும் வரை காத்திராமல் விலகிவிட வேண்டும்.