நம்ம ஊர்ப் பிரபலம் யார்?

சில வாரங்களுக்கு முன் வானொலி நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "உங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த பிரபலம் யார்?"

ஜார்ஜ்டவுன் நேயர்கள் பி. ரம்லி, நிக்கோல் டேவிட் என்று அடுக்கினார்கள். பிறகு ஒரு பெரியவர் என்னையே மடக்கினார். "தம்பி, நீங்க பட்டர்வொர்த்துதானே? உங்க ஊர்ல யாரு?" பதில் வரவில்லை. ஒரு பாட்டைப் போட்டுச் சமாளித்துவிட்டேன்.

கேள்வி மட்டும் மனத்தைவிட்டுப் போகவில்லை. ரயிலைவிட்டு இறங்கி, ஃபெரி ஏறித் தீவுக்குப் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் ஒரு வழி, அவ்வளவுதான். இங்கேயே தங்கியவர்கள் யார்? தேட ஆரம்பித்தேன்.

முதலில் பெயர். பாகான் என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் இந்த ஊருக்கு, 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயரை வைத்தார்கள். அவர் மெட்ராஸ் படையிலிருந்து வந்த அதிகாரி. அவருடைய ஆடம்பரத்தைப் பார்த்து சிங்கப்பூர் வெள்ளைக்காரர்களே 'மகா வெண்ணெய்ப்பானை' என்று கேலி செய்தார்களாம்! ஆட்சி நடந்தது சிங்கப்பூரிலிருந்து. ஆக, ஊருக்குப் பெயர் தந்தவரே ஊர்க்காரர் இல்லை.

ஊர்க்காரர்கள் வேறு. கெடா சுல்தானிடமிருந்து 1800இல் ஆங்கிலேயர் கைக்குப் போன செபராங் பிறையில், 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் தமிழர்களில் பலர் வேலை செய்தது இந்தக் கரும்புக் காடுகளில்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. கைகள் மாறவில்லை.

1960களில் பிறையில் சீனி ஆலையும், மலாயாவாத்தா இரும்பாலையும் வந்தன. 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த இரும்பாலையின் உலையில் எரிந்தது ரப்பர் மரக் கரி. நம்மவர்கள் பால் வெட்டிய மரம், வயதான பிறகு இரும்பு உருக்கவும் உதவியது. அதே 1967இல்தான், அதுவரை பிறையோடு நின்ற ரயில் பட்டர்வொர்த் வரை வந்தது.

தேடியதையெல்லாம் அடுத்த வாரம் நிகழ்ச்சியில் சொன்னேன். முடியும் நேரத்தில் ஓர் அம்மா அழைத்தார். 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னாள் திருவிழா. தீவில் குவான் யின் ஊர்வலம். கூட்டம் தாங்காமல் ஃபெரி முனையத்தின் நடைபாலம் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். 1,600க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்த அம்மாவும் கீழே விழுந்தவர்களில் ஒருவர்.

"ஒரு லோரிக்காரரு என்னை இழுத்து வெளிய போட்டாரு தம்பி. மறுபடி உள்ள ஓடிட்டாரு. பேரு கேக்கல. பிரபலம்னு கேட்டீங்களே, எனக்கு அவருதான்."

அந்த முறை நான் பாட்டுப் போடவில்லை. சில நொடிகள் ஒலிவாங்கி சும்மாவே இருந்தது.

இரண்டு தட்டு ஃபெரிகள் 2020 முடிவோடு பயணிகள் சேவையை நிறுத்திக்கொண்டன. 2023இல் புதிய படகுகள் வந்துவிட்டன. பழைய ஃபெரியில் வேலை பார்த்தவர்கள், இரும்பாலையில் உலைக்கு முன் நின்றவர்கள் இன்னும் நம் தாமான்களில் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தச் சாலைக்கும் வைக்கப்படவில்லை.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: எந்தத் தோட்டம், என்ன வேலை, கூட வேலை பார்த்தவர்கள் யார் யார்? கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அந்த லோரிக்காரரின் பெயரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கலாம்.