பூனை முக்குதா? முதல்ல மூத்திரம் போச்சான்னு பாருங்க

இன்னைக்கு எபிசோட் பூனை வளர்க்கிறவங்களுக்கு.

"பூனைக்கு ரெண்டு நாளா மலச்சிக்கல், விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?" நம்ம வடகரை, தென்காசி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்வி இது. பதிலுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்குறேன்: மூத்திரம் போச்சா?

மணல் தட்டுல உட்கார்ந்து முக்குற பூனைக்கு மலம் அடைச்சிருக்கலாம், மூத்திரமும் அடைச்சிருக்கலாம். நம்ம பாஷையில சொன்னா, ஒரே எரர் மெசேஜ், ரெண்டு வேற வேற பக். முதலாவதுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கு. ரெண்டாவதுக்கு இல்ல.

கடுவன் பூனையோட மூத்திரக் குழாய் ரொம்பக் குறுகல். அதுல உப்புப் படிகமோ சளி மாதிரிக் கட்டியோ அடைச்சா, ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயமே நின்னுடலாம். ஒண்ணு ரெண்டு நாள்ல உயிர் போற விஷயம். திரும்பத் திரும்பத் தட்டுக்குப் போகுது, சொட்டு சொட்டா வருது இல்ல வரவே இல்ல, கத்துது, அடியில நக்கிக்கிட்டே இருக்குன்னா காத்திருக்காதீங்க. வயித்தை அமுக்கியும் பார்க்காதீங்க, மூத்திரப்பை கிழியலாம்.

மூத்திரம் சரியா போகுதா? அப்போ மலத்தைப் பார்ப்போம். பெரும்பாலான பூனைகள் தினம் ஒரு தடவை போகும். சின்னச் சின்னதா, காய்ஞ்ச உருண்டையா வந்தா அது மலச்சிக்கல். 48 மணி நேரமா ஒண்ணுமே இல்லன்னாலோ, சாப்பிடாம வாந்தி எடுத்தாலோ டாக்டர்கிட்ட போகணும். சில சமயம் கட்டியா நிக்கிற மலத்தைச் சுத்தித் தண்ணியா கசியும். அதைப் பார்த்து வயித்துப்போக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

நம்ம ஊர்ல நிறைய பூனைங்க புறவாசல்லயோ, வீடு கட்டுற மணல் குவியல்லயோ போயிட்டு வரும். சந்தேகம் வந்தா ஒரு நாள் மணல் தட்டோட ரூமுக்குள்ள வெச்சுப் பாருங்க.

செய்யக் கூடாதது: விளக்கெண்ணெய் வேண்டாம். எண்ணெயை வாயில ஊத்தினா நுரையீரலுக்குள்ள போயிடலாம். மனுஷங்களுக்கான பாஸ்பேட் எனிமா பூனையைக் கொன்னுடும். பாலும் மருந்து இல்ல. நிறைய பூனைக்கு அது பேதியைத்தான் கொடுக்கும்.

செய்ய வேண்டியது: தண்ணி. பூனையோட மூதாதை பாலைவனக் காட்டுப்பூனை. அதனால தாகம் குறைவு. உலர் தீனியில சுமார் 10 சதவீதம்தான் தண்ணி. ஈரத் தீனியில 75 சதவீதத்துக்கு மேல. வேகவெச்ச கோழியோ மீனோ கொடுத்தா, உப்பு, வெங்காயம், பூண்டு, முள், எலும்பு எதுவும் இல்லாம, வெந்த தண்ணியோட கொடுங்க. தண்ணிக் கிண்ணத்தைத் தட்டுக்குத் தள்ளி வைங்க. முடியைச் சீவி விடுங்க, எடை ஏறவிடாதீங்க.

இவ்வளவுக்கும் அப்புறம் திரும்பத் திரும்ப வந்தா உள்ள வேற காரணம் இருக்கலாம்: சிறுநீரக நோய், மூட்டுவலி, எப்பவோ வண்டி அடிச்சு இடுப்பெலும்பு ஒடுங்கினது. இதுக்குப் பரிசோதனை வேணும்.

வடகரையிலிருந்து திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அதனால "காலையில பார்ப்போம்"னு தள்ளிப் போடாதீங்க. பக்கத்துல இருக்கிற டாக்டருக்கு முதல்ல போன் பண்ணுங்க. கடுவனா பெட்டையா, கடைசியா மூத்திரம் எப்போ, மலம் எப்போ, என்ன சாப்பிட்டுச்சு, வாந்தி உண்டா? இந்த அஞ்சும் சொன்னா போதும், எவ்வளவு அவசரம்னு அவர் சொல்லிடுவார்.