பொடி டப்பாவுக்கு ஒரு வலைப்பக்கம்

"வெப் டெவலப்மெண்ட்" என்ற வார்த்தையைப் பார்த்ததுமே சகோதரிகள் பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எனக்கு நாற்பத்தாறு வயது. படிப்பு பத்தாம் வகுப்பு. மத்தியானம் பாத்திரம் கவிழ்த்த பிறகு நாலு மணிக் காப்பி வரை கிடைக்கிற நேரத்தில், மூன்று மாதத்தில், எனக்கு வேண்டிய அளவுக்கு இதைக் கற்றுக்கொண்டேன்.

ஏன் கற்றேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். வீட்டிலேயே பொடி, வற்றல் வகைகள் செய்து கொடுக்கிறேன். விலைப் பட்டியலைப் படமாக வாட்ஸப்பில் அனுப்புவது வழக்கம். போன வருஷம் பருப்புப் பொடியில் வேர்க்கடலையும் சேர்க்க ஆரம்பித்தபோது, அதைக் குறிப்பிட்டுப் புதுப் பட்டியல் அனுப்பினேன். ஆனால் பழைய பட்டியல் சும்மா இருக்குமா? ஒரு குரூப்பிலிருந்து இன்னொரு குரூப்புக்கு அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் முன்பின் தெரியாத ஓர் இளம் தாய் போன் செய்தாள். "அக்கா, என் பையனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. உதடு, கண்ணெல்லாம் வீங்கிடும். உங்க லிஸ்ட்ல பருப்புப் பொடிக்குக் கடலை போடலையே, வாங்கலாமில்ல?" என்றாள். கேட்டாளே, அந்த மட்டும் நல்லது. கேட்காமல் வாங்கிப் பிசைந்து ஊட்டியிருந்தால்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

காலேஜில் படிக்கும் என் மகள்தான், "அனுப்பின படத்தைத் திரும்ப வாங்க முடியாதும்மா. வெப் பேஜ்னா ஒரே இடத்துல இருக்கும். அங்க நீ மாத்திட்டா, வந்து பார்க்கிற எல்லாருக்கும் புதுசுதான் தெரியும்" என்றாள். விசாரித்த இடத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்டார்கள். விலை மாற்றும்போதெல்லாம் தனிக் கட்டணமாம்! மிளகாய் விற்கிற விலைக்கு இது கட்டுப்படியாகுமா? "நீயே கத்துக்கோயேன்" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமல். கேலியோ, நிஜமோ, நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் பாடம் எச்.டி.எம்.எல். இதில் கணக்குக் கிணக்கு எதுவும் கிடையாது. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று எழுத்துக்கு அடையாளம் கட்டுவதுதான் வேலை. அந்த அடையாளத்துக்கு டேக் என்று பேர். பெரும்பாலும் திறக்க ஒன்று, மூட ஒன்று. எவர்சில்வர் டப்பாக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகிறோமே, அதே மாதிரி உள்ளே இருப்பதை மூடிவிட்டுத்தான் வெளியே இருப்பதை மூட வேண்டும். மூட விட்டுப் போனாலும் பிரவுசர் குறை சொல்லாது. தானே ஊகித்து எதையாவது காட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு இது சௌகரியமா, தொந்தரவா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

இங்கிலீஷ் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். ஹெட், பாடி, டேபிள், டைட்டில் என்று முப்பது நாற்பது வார்த்தைகளிலேயே வேலை ஓடுகிறது. அடுத்த பாடமான சி.எஸ்.எஸ்.ஸில் மட்டும் ஒரு வேடிக்கை. நிறத்துக்கான வார்த்தையை அமெரிக்க முறையில் எழுத வேண்டும். நம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடித்துச் சொல்லிக் கொடுத்த 'யு' அங்கே உதவாது!

இந்த சி.எஸ்.எஸ். பக்கத்துக்கு அலங்காரம் செய்வது. அதில் எல்லோரும் திணறும் இடம் மார்ஜின், பேடிங் விவகாரம். பார்சல் கட்டுபவளுக்கு அது பெரிய விஷயமில்லை. ஊறுகாய் பாட்டிலைச் சுற்றித் திணிக்கும் காகிதம்தான் பேடிங். அட்டைப் பெட்டி பார்டர். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே விடும் இடம் மார்ஜின்.

பாடங்களுக்குக் காசு கொடுக்கவில்லை. ஃப்ரீகோட்கேம்ப், எம்.டி.என். இரண்டும் இலவசம். "மூன்றே மாதத்தில் வேலை நிச்சயம்" என்று பெரிய தொகை கேட்கும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள். இந்த வலை என்ற யோசனையையே, 1989-ல் ஜெனிவா அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரலில் செர்ன் அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் உபயோகிக்கலாம் என்று விட்டுக்கொடுத்தது.

தமிழில் பக்கம் எழுதுவோருக்குச் சில விஷயங்கள். யூனிகோட் முறையின் முதல் பதிப்பிலேயே, 1991-ல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் யு.டி.எஃப்-8 என்று குறிக்கும் வரி மேலே இல்லாவிட்டால் எழுத்துக்கள் கட்டம் கட்டமாகவோ கிறுக்கலாகவோ தெரியக்கூடும். வியூபோர்ட் என்ற வரி இல்லையென்றால் செல்போனில் எல்லாம் எறும்பு மாதிரி சின்னதாக இருக்கும். நம் எழுத்துக்குக் கொம்பும் காலும் சுழியும் உண்டல்லவா? அதனால் வரிகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாக விடுங்கள். பட்டியலைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே போடுங்கள். பார்வையில்லாதவர்களுக்குப் படித்துக் காட்டும் கருவி எழுத்தைத்தான் சரியாகப் படிக்கும்.

என் பக்கத்தில் ஒவ்வொரு பொடிக்கும் எதிரே சாமான்களை எழுதி, வேர்க்கடலை, எள், முந்திரி இருந்தால் தடித்த எழுத்தில் காட்டியிருக்கிறேன். "எல்லாப் பொடியும் ஒரே மிக்ஸியில் அரைப்பது" என்பதையும் மறைக்காமல் போட்டேன். ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் துளி ஒட்டியிருந்தாலும் ஆபத்துதானே! உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணும் இருக்கிறது. மேலே, கடைசியாகத் திருத்திய தேதி. பிரவுசர் சில சமயம் பழைய நகலையே எடுத்துக் காட்டும். தேதி இருந்தால் பார்ப்பவர் கண்டுகொள்வார். பக்கம் வந்துவிட்டது என்று டப்பா லேபிளில் சாமான்களை அச்சிடுவதை நிறுத்தவில்லை. லேபிளில் பக்கத்தின் விலாசமும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழகுவதற்கு கிட்ஹப் பேஜஸ் இலவசமாக இடம் தருகிறது. ஆனால் வியாபாரம் நடத்த அதை உபயோகிக்கக் கூடாது என்று அவர்கள் விதியில் இருக்கிறது. அதனால் வியாபாரத்துக்கும் அனுமதி தரும் வேறோர் இலவச இடத்தில் வைத்தேன். சொந்தப் பெயர் வேண்டுமென்றால் வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டும். குழந்தைகள் படத்தை மட்டும் தயவு செய்து போடாதீர்கள்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம், இருபது அடி தூரத்தில் உள்ளதை இருபது விநாடி பார்ப்பது என்று ஒரு பழக்கம் சொல்கிறார்கள். நான் கொல்லையில் இருக்கும் முருங்கை மரத்தைப் பார்க்கிறேன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொள்வதில்லை. கழுத்து வலி வந்துவிடும்.

இப்போது ஜாவாஸ்கிரிப்ட் ஆரம்பித்திருக்கிறேன். 1995-ல் பிரண்டன் ஐக் என்பவர் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினாராம். எனக்கு அதில் ஒரு பெருக்கல் எழுதவே பத்து நாள் ஆயிற்று! மூன்று பாக்கெட் சாம்பார்ப் பொடி, இரண்டு பாக்கெட் மணத்தக்காளி வற்றல் என்று குறித்தால் மொத்தத் தொகை தானே வர வேண்டும். தொகை வருகிறது, தபால் செலவைக் கூட்டுவதுதான் பாக்கி. அடுத்த தெருவில் தையல் கிளாஸ் நடத்தும் மாமி, "என் கிளாஸுக்கும் ஒரு பக்கம் போட்டுக் கொடேன்டி" என்று கேட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரச் சொல்லியிருக்கிறேன்.