வைகை முடியும் இடத்தில் ரோமாபுரிக் கப்பல்!
தேனியில் இருந்து காரில் சுமார் 200 கிலோ மீட்டர் போனால், பழைய துறைமுகம் ஒன்றைப் பார்க்கலாம். அதன் பெயர் அழகன்குளம். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வழித்துணைக்கு வைகையே வருகிறது. வருசநாட்டு மலையில் பிறந்து, 1959-ல் திறந்த வைகை அணையைத் தாண்டி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று ஓடுகிறது. ஓடுகிறது என்றதும் தண்ணீர் என்று எண்ணிவிடாதீர்கள்! பல மாதம் வெறும் மணல்தான். தண்ணீரைக் கண்மாய்கள் குடித்துவிடுகின்றன. பெருவெள்ளம் வந்தால்தான் கடலுக்கு மிச்சம்.

அந்த ஆற்று முகத்தில்தான் 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்கியது.

மண்ணுக்குள் காசு

அழகன்குளத்தில் "கோட்டைமேடு" என்று ஒரு மேடு உண்டு. தமிழகத் தொல்லியல் துறை 1986 முதல் இங்கே பலமுறை தோண்டியது. ரோமாபுரிக் காசுகள் கிடைத்தன. மது கொண்டு வந்த ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. ஓர் ஓட்டில் பாய்மரக் கப்பலின் படமே கீறப்பட்டு இருந்தது. துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்து யாரோ கீறியது போலும்!

வேறு ஓடுகளில் பழைய தமிழ் எழுத்துகள் இருந்தன. அவை மன்னர் வெட்டிய கல்வெட்டுகள் அல்ல. வீட்டில் புழங்கிய பானைகள். மதுரைக்கு அருகே கீழடியிலும் இப்படிப்பட்ட ஓடுகள் கிடைத்தன. ஆற்றின் மேல்பக்கம், ஆண்டிப்பட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் நடுகற்கள் கிடைத்தன. மாடு பிடிச் சண்டையில் மாண்ட வீரனைப் பற்றி அதே பழைய எழுத்தில் எழுதி இருக்கிறார்கள். மலையடிவாரத்தில் ஓர் எழுத்து, கடற்கரையில் ஓர் எழுத்து என்று இல்லை. வைகைக் கரை முழுக்க ஒரே எழுத்துதான்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு

அழகன்குளத்தில் கோட்டையோ கோபுரமோ இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். ஆகவே, மதுரையைத் தாண்டியதும் கீழடி அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள். 2023-ல் திறந்தது. அங்கே பார்த்துவிட்டுப் போனால், மேட்டில் நிற்கும்போது குழந்தைகளுக்கு விஷயம் புரியும்.

மேட்டில் ஓட்டுச் சில்லு ஏதாவது கண்ணில் பட்டால் காட்டுங்கள். ஆனால் பையில் போடவேண்டாம். கிடந்த இடத்தை விட்டு எடுத்த ஓடு, ஆராய்ச்சிக்காரர்களுக்கு அவ்வளவாக உதவாது.