இளம் முன்கள வீரர் மதிப்பீடு (கோவில்பட்டி வளைகோல் பந்தாட்டம்)

இளம் முன்கள வீரர் மதிப்பீடு என்பது, வளைகோல் பந்தாட்டத்தில் (ஹாக்கி) ஓர் அணிக்குப் புதிதாகத் தேர்வு பெற்ற தாக்குதல் ஆட்டக்காரர் எதிர்காலத்தில் எந்த அளவுக்கு உயரக்கூடும் என்பதை அவரது இன்றைய ஆட்டத்தைக் கொண்டு கணிப்பதாகும். பயிற்சியாளர்கள், தேர்வுக் குழுவினர், ஆட்டத்தைத் தொடர்ந்து காணும் இரசிகர்கள் ஆகிய முத்தரப்பினரும் இக்கணிப்பில் ஈடுபடுகின்றனர். தமிழ்நாட்டில் இத்தகைய மதிப்பீட்டை நெருக்கமாகக் காணக்கூடிய ஊர்களுள் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த கோவில்பட்டி குறிப்பிடத்தக்கது.

ஒரு வீரர் அடிக்கும் கோல்கள் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. பந்து தம்மிடம் இல்லாதபோது அவர் செய்யும் வேலை அவ்வளவு எளிதாகக் கண்ணில் படுவதில்லை. இளம் வீரர்களைப் பற்றிய கணிப்புகள் பொய்ப்பதற்கு இவ்வேறுபாடு ஒரு முக்கிய காரணம் ஆகும்.

பின்னணி

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வறண்ட நிலப்பகுதி கரிசல் பூமி எனப்படுகிறது. மழையை நம்பிய பருத்தி, கம்பு, சோளம், உளுந்து ஆகியன இங்கு விளைகின்றன. தீப்பெட்டித் தொழிலும், 2020 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாயும் கோவில்பட்டியைப் பிற ஊர்களில் அறியச் செய்தவை. வளைகோல் பந்தாட்டமும் அவ்வரிசையில் சேர்கிறது.

கரிசல் மண் மழைக்காலத்தில் காலில் ஒட்டும். கோடையில் வெடிப்பு விடும். ஆகவே அம்மண்ணின் மேல் நேரடியாக ஆடுகளம் அமைப்பது எளிதன்று. இன்று நகரின் கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்தரை கொண்ட வளைகோல் பந்தாட்ட அரங்கம் உள்ளது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இவ்விளையாட்டுக்கான சிறப்புப் பயிற்சி மையம் ஒன்றைக் கோவில்பட்டியில் நடத்துகிறது. பிற மாவட்டச் சிறுவர்களும் இங்குத் தங்கிப் பயில்கின்றனர். இலட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி இவ்வரங்கில் நடைபெற்று வந்துள்ளது. இளையோருக்கான ஆண்கள் தேசியப் போட்டியும் 2021 டிசம்பரிலும் 2022 மே மாதத்திலும் கோவில்பட்டியில் நடைபெற்றது.

இப்போட்டிகளால் உள்ளூர் இரசிகருக்கு ஒரு வசதி கிடைக்கிறது. இரயில்வே, வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவற்றின் தேர்ந்த ஆட்டக்காரர்களை நேரில் பார்த்த கண்ணோடு அவர் தம் ஊர்ப் பையனைப் பார்க்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் அவரிடம் இருக்கிறது.

மதிப்பீட்டுக்குரிய கூறுகள்

முதல் தொடுகை: வரும் பந்தை மட்டையால் நிறுத்தும் முதல் கணமே ஒரு முன்கள வீரரின் தரத்தைப் பெரிதும் காட்டுகிறது. சிறந்த வீரர் பந்தை நிறுத்தும்போதே தாம் அடுத்துச் செல்லவிருக்கும் திசைக்கு அதனைத் தள்ளிவிடுகிறார். மற்றவர் முதலில் நிறுத்தி, பின்பு திரும்பி, அதன் பின்பே ஓடுகிறார். இந்த இடைவெளியில் எதிரணியின் பின்கள வீரர் நெருங்கிவிடுகிறார்.

தொடக்க வேகம்: ஆடுகளம் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உடையது. ஆயினும் ஒரு வீரர் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் ஓட நேர்வது அரிது. முதல் ஐந்தாறு அடிகளில் எதிராளியை முந்துவதே பயன் தருகிறது. நீண்ட தூர ஓட்டத்தில் வெல்பவர் இதில் பின்தங்குவதும் உண்டு.

பந்தில்லா ஓட்டம்: பந்து மறுபக்கம் இருக்கும்போது எதிரணி வீரரைத் தம்மோடு இழுத்துச் சென்று, சக வீரருக்கு இடம் திறந்துவிடுவது இதன் நோக்கம். இவ்வாறு ஓடியவர் பெயர் கோல் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

அழுத்தம் தருதல்: பந்தை இழந்த அணியில் முன்கள வீரரே முதல் தற்காப்பு வீரர் ஆகிறார். எதிரணியின் பின்கள வீரர் பந்தை யாருக்கும் எளிதில் தள்ளிவிட முடியாதபடி வழியை மறித்து, அவரை ஆடுகளத்தின் ஓரத்துக்கு ஒதுக்குவது இவரது பணி. கண்மூடித்தனமாகப் பந்தை நோக்கிப் பாய்பவரை அனுபவமுள்ள பின்கள வீரர் ஒரே அசைவில் ஏமாற்றிவிடுவார். ஆகவே எவ்வளவு வேகமாகப் பாய்கிறார் என்பதோடு, எந்தக் கோணத்தில் பாய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

பெனால்டி கார்னர் பாய்ச்சல்

துணிவும் தொடக்க வேகமும் ஒருங்கே சோதிக்கப்படும் இடம் பெனால்டி கார்னர் தற்காப்பு ஆகும். இலக்குக் காவலர் உட்பட ஐவர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நின்று தற்காக்க முடியும். அவ்வணியின் மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும். தாக்கும் அணி கோல் கோட்டிலிருந்து பந்தை உள்ளே தள்ள, அது வட்டத்துக்கு வெளியே சென்று நிறுத்தப்பட்டு, பின்பு இலக்கை நோக்கி ஏவப்படுகிறது. இலக்கு வட்டத்தின் ஆரம் 14.63 மீட்டர். பந்து தள்ளப்பட்டவுடன் தற்காப்பு ஐவருள் ஒருவர் அவ்வட்டத்தின் விளிம்பை நோக்கி ஓடி, ஏவப்படும் பந்தின் பாதையில் தம் மட்டையை வைக்க முயல்கிறார். இவரை முதல் பாய்ச்சல் வீரர் எனலாம். இவை அனைத்தும் இரண்டு நொடிக்கும் குறைவான நேரத்தில் நடந்து முடிகின்றன.

மணிக்கு 100 கி.மீ. வேகத்தையும் தாண்டக்கூடிய பந்தை எதிர்கொண்டு ஓடுவதால், முகக்கவசம், முழங்கால் காப்பு, கையுறை ஆகியவற்றை அணிவது வழக்கம். விதிகளும் இதனோடு தொடர்புடையவை. ஐந்து மீட்டருக்குள் இருக்கும் தற்காப்பு வீரரை முதல் அடி முழங்காலுக்குக் கீழே தாக்கினால் மீண்டும் ஒரு பெனால்டி கார்னர் வழங்கப்படும். இயல்பாக நிற்பவரை முழங்காலிலோ அதற்கு மேலோ தாக்கினால் தற்காப்பு அணிக்குச் சாதகமாகத் தனியடி கிடைக்கும்.

இப்பணியில் பெரும்பாலும் பின்கள, இடைக்கள வீரர்களே அமர்த்தப்படுகின்றனர். இந்திய அணியில் ஒடிசாவைச் சேர்ந்த அமித் ரோகிதாசு இதற்குப் பெயர் பெற்றவர். 2024 பாரிசு ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்கு எதிரான காலிறுதியில் அவர் சிவப்பு அட்டை பெற்றதால், செருமனிக்கு எதிரான அரையிறுதியில் ஆட இயலவில்லை. இந்தியா அவ்வாட்டத்தில் 2–3 என்ற கணக்கில் தோற்றது. செருமனியின் முதல் கோல் பெனால்டி கார்னர் வழியாகவே வந்தது. அவர் ஆடியிருந்தால் அது தடுக்கப்பட்டிருக்கும் என்று கூற இயலாது. எனினும், கோல் அடிக்காத ஒருவரின் இல்லாமை அன்று பரவலாகப் பேசப்பட்டது.

அமெரிக்கக் கால்பந்திலும் இதனை ஒத்த பணி உண்டு. பந்தை எறியும் தலைமை ஆட்டக்காரரை அவர் எறிவதற்குள் சென்று பிடிப்பதற்கென்றே சில தற்காப்பு வீரர்கள் உள்ளனர். அந்நாட்டில் ஆண்டுதோறும் தொழில்முறை அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தெரிவு செய்கின்றன. அதற்கு முன் 40 கெசம் (ஏறத்தாழ 36.6 மீட்டர்) ஓட்டம் முதலிய சோதனைகள் நடத்தப்படுகின்றன. இத்தனை அளவீடுகள் இருந்தும் கணிப்பு தவறுவதுண்டு. 2003 ஆம் ஆண்டுத் தெரிவில் ஐந்தாம் சுற்று வரை எவரும் எடுக்காத இராபர்ட் மாத்திசு, 2013 ஆம் ஆண்டில் பந்தெறிபவரை வீழ்த்துவதில் அத்தொடரின் முதலிடத்தைப் பெற்றார்.

எடுத்துக்காட்டு: 2022 ஆசியக் கோப்பை

கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீசுவரன் சக்திவேல், அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தி ஆகிய இருவரும் கோவில்பட்டி மையத்தில் பயிற்சி பெற்ற முன்கள வீரர்கள். 2022 மே மாதம் இந்தோனேசியாவின் சகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இருவரும் இடம்பெற்றனர். பாக்கித்தானுக்கு எதிராக 1–1 எனச் சமனில் முடிந்த முதல் ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலைக் கார்த்தி அடித்தார். அதுவே அவரது முதல் பன்னாட்டு ஆட்டமும் ஆகும். தென் கொரியாவுக்கு எதிராக 4–4 எனச் சமனில் முடிந்த ஆட்டத்தில் மாரீசுவரன் ஒரு கோல் அடித்தார். இந்தியா சப்பானை 1–0 என வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது.

2023 ஆகத்தில் சென்னையில் நடந்த ஆசிய வாகையர் கோப்பையிலும் கார்த்தி ஆடினார். மலேசியாவுக்கு எதிரான முதற்சுற்று ஆட்டத்தில் ஒரு கோலும் அடித்தார். இறுதியாட்டத்தில் மலேசியாவை 4–3 என வென்ற இந்தியா கோப்பையைக் கைப்பற்றியது. ஆயினும் 2024 பாரிசு ஒலிம்பிக் அணியில் இவ்விருவரும் இடம்பெறவில்லை.

இதனை வீழ்ச்சி என்று கருதுவது பொருந்தாது. ஒலிம்பிக் அணியில் மொத்தம் 16 இடங்களே உள்ளன. அவற்றுள் முன்கள வீரர்களுக்குக் கிடைப்பவை சிலவே. முதல் ஆட்டத்தில் அடித்த ஒரு கோலைக் கொண்டு இரண்டாண்டுகளுக்குப் பிந்தைய இடத்தைக் கணிக்க இயலாது என்பதையே இது காட்டுகிறது. அதே வேளையில், அந்த இடம் கிடைக்காததைக் கொண்டு அந்தக் கோலின் மதிப்பைக் குறைப்பதும் தவறாகும்.

ஏலமும் விலையும்

ஏழாண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் தொடங்கிய இந்திய வளைகோல் பந்தாட்டக் கூட்டிணைவுத் தொடருக்கான (ஹாக்கி இந்தியா லீக்) வீரர் ஏலம் 2024 அக்டோபரில் புது தில்லியில் நடைபெற்றது. தமிழ்நாடு டிராகன்சு உட்பட எட்டு ஆண்கள் அணிகள் கலந்துகொண்டன. ஒவ்வோர் அணியிலும் 24 பேர். அவர்களுள் குறைந்தது 16 பேர் இந்தியர்களாகவும், நால்வர் இளையோர் அணி வயதினராகவும் இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. இந்திய அணித் தலைவர் அர்மன்பிரீத் சிங் 78 இலட்சம் உரூபாவுக்கு ஏலம் போனார்.

இளையோருக்கு இடம் ஒதுக்கும் இவ்விதி, சிறு ஊர்களில் ஆடும் சிறுவருக்கு ஒரு வழியைத் திறக்கிறது. ஆனால் ஏல விலை என்பது அந்நேரத்தில் அணிகளுக்கு இருந்த தேவையையும் கையிருப்பையும் பொறுத்தது. அதனை வீரரின் திறமைக்கு நேரான அளவாகக் கொள்வது பிழையான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

மதிப்பீட்டில் நேரும் பிழைகள்

உடல் வளர்ச்சி: வயது வரம்புப் போட்டிகளில், விரைவில் வளர்ந்த சிறுவர் வலிமையால் வெல்கின்றனர். கனடாவின் பனி வளைகோல் பந்தாட்டத்தை ஆராய்ந்தவர்கள், ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தோர் அணிகளில் மிகுந்திருப்பதை 1980களில் சுட்டிக்காட்டினர். வயதைக் கணக்கிடும் நாளுக்கு அண்மையில் பிறந்தவர் சில மாதங்கள் மூத்தவராக இருப்பதே இதற்குக் காரணம். மற்றவர்கள் வளர்ந்து சமநிலை எய்தியபின் இந்த ஆதாயம் குறைந்துவிடுகிறது.

தரையின் வேறுபாடு: மண் தரையில் பந்து துள்ளும், அதனை அடக்கும் கைத்திறன் அங்கு வளர்கிறது. செயற்கைப் புல்தரையில் பந்து சமமாகவும் விரைவாகவும் உருளும். அங்கு விரைந்து கொடுத்து விரைந்து ஓடுவதே பயன் தருகிறது. 1976 மொன்றியால் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை பயன்படுத்தப்பட்டபோது இந்திய அணி ஏழாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. ஊர்ப் பள்ளித் திடலில் ஆடிப் பழகிய சிறுவனைப் புல்தரையில் முதல் நாள் பார்த்து முடிவு கட்டுவது அவனுக்கு இழைக்கும் அநீதி ஆகும்.

ஒற்றை ஆட்டம்: வலுவற்ற அணிக்கு எதிராக அடித்த ஐந்து கோல்களைவிட, வலிய அணிக்கு எதிராக வென்றெடுத்த ஒரு பெனால்டி கார்னர் மிகுதியாகச் சொல்லக்கூடும். எதிரணியின் தரத்தைக் கணக்கில் கொள்ளாத எண்ணிக்கைக்குப் பொருள் குறைவு.

ஊர்ப் பற்று: தம் ஊர் வீரரை உயர்த்திப் பேசுவது இயல்பு. ஆனால் மிகையான எதிர்பார்ப்பு ஓர் இளைஞர் மீது சுமையாகிறது. அடுத்த தொடரில் அவர் இடம்பெறாதபோது அதே நாவுகள் அவரைக் குறை கூறவும் செய்கின்றன.

மதிப்பீட்டின் விளைவு

கரிசல் பகுதியில் இக்கணிப்பு வெறும் பொழுதுபோக்கு அன்று. மாநில, தேசிய அளவில் ஆடியவருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டின் வழியே கல்லூரி இடமும், இரயில்வே, வருமான வரித்துறை, படைப் பிரிவுகள் போன்றவற்றில் வேலையும் கிடைக்கும் வாய்ப்பு உண்டு. தேர்வு நாளில் ஒரு சிறுவனின் பெயர் விடுபடுவது, ஒரு குடும்பத்தின் வருவாய் தொடர்பான செய்தியும் ஆகிறது.

ஆகவே ஒரே நாளில் முடிவு செய்யாமல், பல ஆட்டங்களில், வெவ்வேறு எதிரணிகளுக்கு எதிராக, பந்துடனும் பந்தின்றியும் ஒரு வீரரைக் கவனித்த பின்னரே மதிப்பிடுவது முறையாகும். ஆறு மாத இடைவெளியில் மீண்டும் பார்க்கும்போது முன்பு செய்த பிழையை அவர் திருத்திக்கொண்டுள்ளாரா என்பது, முதல் நாள் அடித்த கோல்களைவிட நம்பத்தக்க அடையாளம் ஆகும்.