பழைய லொறியின் ஒயில் கூலர்: பழுது அறிவதும் திருத்துவதும்

டீசல் எஞ்சினுக்குள் சுற்றிவரும் ஒயிலின் சூட்டை ரேடியேற்றர் தண்ணீருக்குக் கடத்திவிடும் சிறு பாகம்தான் ஒயில் கூலர். பெரும்பாலும் அது எஞ்சின் புளொக்கின் பக்கவாட்டில், ஒயில் பில்டரோடு ஒட்டியபடி இருக்கும். பம்பு தள்ளும் ஒயில் கூலரையும் பில்டரையும் கடந்த பிறகே பெயாரிங்குகளுக்குப் போகிறது. கூலருக்குள் ஒயில் ஒரு பக்கமும் தண்ணீர் மறுபக்கமும் ஓடும். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாத உலோகச் சுவர். அந்தச் சுவர் ஓட்டையானால் முழு எஞ்சினும் ஆபத்தில் விழுகிறது.

மிட்சுபிஷி கன்டரின் 4டி33, இசுசு எல்ஃபின் 4ஜேபி1 போன்ற எஞ்சின்களில் இருப்பது தட்டு வகைக் கூலர். மெல்லிய தட்டுகளை அடுக்கி, ஓரங்களைப் பற்றவைத்து அதைச் செய்திருப்பார்கள். தட்டுகளுக்கு உள்ளே ஒயில் ஓடும். வெளியே தண்ணீர் சூழ்ந்திருக்கும். சில பெரிய எஞ்சின்களில் குழாய் வகை உண்டு. அதில் ஓர் உருளைக் கூட்டுக்குள் செம்புக் குழாய்கள் கட்டாக நிற்கும். இரு முனைகளிலும் ஓ-ரிங் இருக்கும். எந்த வகையானாலும் கூடவே ஒரு சிறு வால்வும் இருக்கும். காலையில் ஒயில் தடிப்பாக இருக்கும்போதோ கூலர் அடைத்துக்கொண்டாலோ ஒயில் கூலரைச் சுற்றிப் போக அந்த வால்வு வழிவிடுகிறது.

எஞ்சினைக் குளிர்விப்பது ரேடியேற்றர் மட்டும்தான் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் தண்ணீர் எட்டாத இடங்கள் எஞ்சினுக்குள் நிறைய இருக்கின்றன. பிஸ்டனின் அடிப்பாகம், கிராங்க் பெயாரிங்குகள், டேர்போ இருந்தால் அதன் தண்டு ஆகியவற்றின் சூட்டை ஒயில்தான் சுமந்து வருகிறது. 15டபிள்யூ-40 ஒயிலின் பாகுத்தன்மை 40 பாகை செல்சியஸில் இருப்பதைவிட 100 பாகையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதற்கு மேலும் சூடு ஏறினால் பெயாரிங்கைத் தாங்கும் ஒயில் படலம் மெலிந்து, உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கும். சூடு 10 பாகை கூடக்கூட ஒயில் கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொறியியலில் பொதுவாகக் கொள்ளும் கணக்கு.

கல்முனைக் கரையோரத்து லொறிகளுக்கு இது ஏட்டுக் கணக்கோடு நிற்கும் விடயமல்ல. பெரும்போக அறுவடையும் சிறுபோக அறுவடையும் முடிந்ததும் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கத்து வயல்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் நெல்லும் அரிசியும் மேற்கு நோக்கிப் புறப்படுகின்றன. கரையோரம் முழுவதும் சமதரை. அங்கே கூலரின் குறை வெளியே தெரியாது. மகியங்கனைக்கு அப்பால் கண்டி வீதியின் 18 வளைவு ஏற்றத்திலும், வெல்லவாயவிலிருந்து கொஸ்லந்தை வழியாகப் பெரகலைக்கு ஏறும் ஏ4 வீதியிலும் நிலைமை வேறு. நிறைபாரத்தோடு சிறு கியரில் நெடுநேரம் ஏறும்போது எஞ்சின் உச்சச் சூட்டைத் தொடும். காற்றோட்டமும் அங்கே குறைவு. அடைபட்ட கூலர் அங்கேதான் அகப்பட்டுக்கொள்ளும்.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் ஜப்பானிய லொறிகள் பெருமளவில் நாட்டுக்குள் வந்தன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்தத் தடை பெருமளவு தளர்த்தப்பட்டது 2025இன் தொடக்கத்தில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய லொறியைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர உரிமையாளர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு லொறியை நம்பி இரண்டு மூன்று குடும்பங்கள் வாழும் ஊர்களில் இந்தச் சிறு பாகத்தின் திருத்தத்தைச் சரியாகச் செய்வது பெரிய காரியம்.

கூலர் கெடுவதற்கு முதற்காரணம் ரேடியேற்றருக்குள் ஊற்றும் தண்ணீர். கரையோர மணற்பாங்கான நிலத்துக் கிணறுகளில் உப்பும் சுண்ணாம்பும் கலந்த நீர் சாதாரணம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் கரையை அண்டிய கிணறுகள் உவர்த்துப்போனதை அங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அத்தகைய நீர் சூடாகும்போது சுண்ணாம்பு தட்டுகளில் படிந்து உறைகிறது. சூடு கடத்துவதில் உலோகத்தோடு ஒப்பிட்டால் அந்தப் படிவு மிகவும் மோசம். உப்போ உலோகத்தை ஊசிமுனை அளவுக் குழிகளாக அரிக்கிறது. கூலண்ட் சேர்க்காத வெறும் தண்ணீரில் அரிப்பைத் தடுக்க ஒன்றுமே இல்லை. ஒயில் பக்கத்தில் மாற்றாமல் விட்ட ஒயிலின் கசடு அடைக்கிறது. இவற்றோடு, பல ஆண்டு சூட்டில் ஓ-ரிங்குகளும் கேஸ்கட்டுகளும் இறுகி வெடித்துவிடுகின்றன.

உள்ளே ஓட்டை விழுந்ததற்கான அடையாளத்தை அழுத்தக் கணக்கு விளக்கும். ஓடும் எஞ்சினில் ஒயிலின் அழுத்தம் 3 முதல் 5 பார் வரை இருக்கும். ரேடியேற்றர் மூடி தாங்கும் அழுத்தமோ 1 பார் அளவுதான். ஆகவே ஓடும்போது ஒயில் தண்ணீருக்குள் புகுகிறது. எஞ்சினை நிறுத்தியதும் ஒயில் அழுத்தம் பூச்சியமாகிவிடும், சூடான தண்ணீரின் அழுத்தம் மட்டும் இன்னும் நிற்கும். அப்போது தண்ணீர் ஒயிலுக்குள் இறங்குகிறது. ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் பால்தேநீர் நிறத்தில் ஒரு களி மிதப்பதும், டிப்ஸ்டிக்கில் ஒயில் மட்டம் காரணமில்லாமல் குறைவதும் கூடுவதும் இதனால்தான்.

கராஜ்களில் அடிக்கடி நடக்கும் தவறு இந்த இடத்தில் நிகழ்கிறது. களியைக் கண்டவுடன் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று முடிவுகட்டி ஹெட்டைக் கழற்றிவிடுகிறார்கள். கேஸ்கட் மாற்றி, ஹெட்டைத் தேய்த்து, இரண்டு கிழமை கழித்து அதே களி திரும்பி வரும். ஹெட் கேஸ்கட் எரிந்திருந்தால் பெரும்பாலும் வேறு அடையாளங்களும் சேர்ந்து வரும்: எஞ்சின் ஓடும்போது ரேடியேற்றருக்குள் குமிழிகள் இடைவிடாமல் எழும், குளிர்ந்த எஞ்சினை எழுப்பிய சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும், புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும். இவை எதுவுமின்றித் தண்ணீரில் ஒயில் மட்டும் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கூலரைத்தான். ஹெட்டைவிட அதைக் கழற்றிப் பார்ப்பது எவ்வளவோ சுலபம்.

வேலை தொடங்குமுன் எஞ்சின் முற்றாக ஆற வேண்டும். வெளிப்பக்கத்தை நன்றாகக் கழுவிவிட்டால் திறக்கும்போது மண் உள்ளே விழாது. தண்ணீரையும் ஒயிலையும் இறக்கியபின் கூலர் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றலாம். அவை ஒரே நீளமானவை அல்ல. நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் போட்டு இறுக்கினால் புளொக்கே வெடிக்கும். எனவே மூடியின் வடிவத்தை ஒரு காட்போட் மட்டையில் வரைந்து, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்தில் குத்தி வைப்பது நல்ல பழக்கம். மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால் தட்ட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் அலுமினிய முகத்தில் விழும் கீறல் பின்னர் கசிவாகத் திரும்பி வரும்.

கழற்றிய கூலரைச் சுத்தம் செய்வதற்குப் பொறுமை வேண்டும். ஒயில் பக்கத்தை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, இரு திசையிலும் மாறி மாறிப் பாய்ச்சி, வெளியேறும் எண்ணெய் தெளியும்வரை கழுவ வேண்டும். தண்ணீர் பக்கத்துச் சுண்ணாம்புக்குச் சித்திரிக் அமிலத்தூளைச் சுடுதண்ணீரில் கரைத்து, நுரை அடங்கும்வரை ஊறவைத்தால் போதும். பின்னர் அப்பச்சோடாக் கரைசலில் அலசி நல்ல தண்ணீரில் கழுவலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் மெல்லிய தட்டையும் பற்றுவைப்பையும் தின்றுவிடும்; காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும். இவை இரண்டையும் தொடக்கூடாது. எஞ்சினில் முன்பு பெயாரிங் உடைந்திருந்தால் தட்டு வகைக் கூலரைச் சுத்தம் செய்வதே வீண். தட்டுகளுக்கிடையே சிக்கிய உலோகத்தூள் எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வராது. புதிய பெயாரிங் போட்டபின் ஒருநாள் கழன்று வந்து அதையும் கெடுக்கும்.

அடுத்தது அழுத்தச் சோதனை. இதைச் செய்யாமல் மீண்டும் பூட்டுவது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. ஒயில் வாய்களில் ஒன்றைத் தகடும் ரப்பரும் வைத்து அடைத்து, மற்றதில் கொம்பிரசர் குழாயைப் பொருத்த வேண்டும். அழுத்தத்தை ரெகுலேற்றர் வழியாக, அந்த எஞ்சினின் கையேடு சொல்லும் அளவுக்கு மெல்ல மெல்ல ஏற்றலாம். கூலரைச் சுடுதண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் அமிழ்த்துவது முக்கியம். குளிர்ந்த நிலையில் மூடிக்கிடக்கும் வெடிப்பு சூட்டில்தான் விரியும். பத்து நிமிடமாவது கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். நூலளவு குமிழி வரிசை ஒரே இடத்திலிருந்து எழுந்தாலும் அது ஓட்டைதான். அடைத்த தகடு தெறித்தால் உயிருக்கே ஆபத்து. ஆள் பக்கவாட்டில் நிற்பதும் கண்ணாடி அணிவதும் கட்டாயம்.

குழாய் வகையில் ஒன்றிரண்டு குழாய் கசிந்தால் அவற்றை மட்டும் இரு முனையிலும் வெள்ளிப் பற்றுவைப்பால் அடைத்து ஓட்டலாம். தட்டு வகையில் பற்றவைப்பு நிலைப்பதில்லை. ஓரிடத்தைச் சூடாக்கும்போது பக்கத்துப் பற்று இளகும். எபொக்சிப் பசைகள் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் நிற்காது. ஓட்டையான தட்டுக் கூலரை மாற்றுவதே சரி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய கூலர் கிடைக்கும். அதையும் இதே சோதனைக்கு உட்படுத்தாமல் பூட்டக்கூடாது. கூலர் கிடைக்கவில்லை என்று ஒயில் வழியை நேராக இணைத்துவிடுவது தற்காலிகமாகக்கூட நல்லதல்ல. சமதரையில் ஓடும் லொறி மலை ஏறும் நாளில் பெயாரிங்கைப் பறிகொடுக்கும்.

பூட்டுமுன் கூலர் மூடியின் முகம் மட்டமாக இருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் துளையைச் சுற்றி அரிப்புக் குழிகள் ஆழமாக இருந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவலாம். ஓ-ரிங் வாங்கும்போது அளவைப் போலவே ரப்பரின் வகையும் முக்கியம். தண்ணீர் ஹோஸ்களுக்குப் பயன்படும் ஈபிடிஎம் ரப்பர் ஒயிலில் ஊதிப் பிதுங்கிவிடும். நைட்ரைல் ஓரளவு சூட்டைத் தாங்கும். வைட்டன் 200 பாகை வரை நிற்கும், விலை கூடினாலும் அதுவே ஏற்றது. சிலிக்கன் பசையைக் கேஸ்கட்டுக்குப் பதிலாக அள்ளிப் பூசும் வழக்கம் ஆபத்தானது. உள்ளே பிதுங்கும் துண்டு உடைந்து போய், பிஸ்டனுக்கு ஒயில் பீச்சும் நுண்துளையை அடைத்துவிடும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று தவணையில் டோர்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும்.

கூலர் பூட்டியதோடு வேலை முடியாது. பாதி வேலை இனித்தான். தண்ணீர் வழிகளில் ஒட்டிய ஒயிலை எடுக்க, தேர்மோஸ்டற்றைக் கழற்றிவிட்டு, நுரைக்காத சலவைத்தூள் கலந்த நீரை ஓட்டி, தெளியும்வரை பல முறை மாற்ற வேண்டும். ஒயில் குடித்து மெதுமெதுவென்று ஊதிய ஹோஸ்களைத் தூக்கி எறிவதே நல்லது. ஒயில் பக்கத்தில் மலிவான புதிய ஒயிலும் பில்டரும் போட்டுச் சில நிமிடம் மெதுவாக ஓட்டி, சூட்டோடு இறக்கி, நல்ல ஒயிலும் இன்னொரு பில்டரும் போட வேண்டும். இறக்கிய பில்டரை வெட்டிப் பார்த்தால் செம்பு நிறத் துகள் தெரியலாம். தெரிந்தால் தண்ணீர் ஏற்கெனவே பெயாரிங்கைத் தின்றிருக்கிறது. சம்பைத் திறந்தே ஆக வேண்டும்.

ரேடியேற்றருக்குக் கூலண்டும் வடித்த நீரும் சரிபாதி. வடித்த நீர் இல்லாத இடத்தில் சுத்தமாகப் பிடித்த மழைநீர் கிணற்று நீரைவிடப் பலமடங்கு மேல். நமது நாட்டில் பனி இல்லையே, கூலண்ட் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் அதிலுள்ள அரிப்புத் தடுப்பான்தான். கொதிநிலையை உயர்த்துவது கூடுதல் நன்மை. எஞ்சினை எழுப்புமுன் டீசல் வரத்தை நிறுத்திவைத்து, ஒயில் லைட் அணையும்வரை ஸ்டாட்டரை விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். முதல் ஓட்டத்தில் காற்றை வெளியேற்றிக் கசிவு பார்த்து, 500 கிலோமீற்றர் ஓடியபின் ரேடியேற்றர் மூடியையும் டிப்ஸ்டிக்கையும் மீண்டும் பார்க்க வேண்டும். மெல்லிய ஒயில் படலம் இன்னும் மிதந்தால் அது பழைய மிச்சமாக இருக்கலாம். துடைத்தெடுத்த பின்னும் வளர்ந்தால் கூலரை மறுபடி கழற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஒயிலை உரிய கிலோமீற்றரிலும், கூலண்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றிவர வேண்டும்.